கீழ்ப்படுக்கைக்கு வயிறு தெரிய வேண்டும்

தத்தெடுப்பதில் ஆண்டிபட்டிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1984-இல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை இங்கிருந்தபடியே எம்.எல்.ஏ.வாக எடுத்துக்கொண்ட ஊர் இது. 2002-இல் ஜெயலலிதாவையும் எடுத்துக்கொண்டது. வருமானச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டு ஆய்வு அறிக்கை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதே ஊரில் ஒரு தம்பதி கைக்குழந்தையைத் தத்தெடுக்கட்டும், பார்ப்போம். சக்கம்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிந்துவிட்டு மூன்று வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் செய்தி வரும். உங்களுக்கொரு குழந்தை இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் சரியென்று சொல்லுங்கள். 30 நாளுக்குள் நேரில் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை சென்னையில் இருக்கலாம், ஒடிசாவிலும் இருக்கலாம். ரயில்வேயோ 60 நாளைக்கு முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. ஆக, குழந்தை உண்டா என்றே தெரியாதபோது அது இருக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்க வேண்டும். ஆணையமும் ரயில்வேயும் சேர்ந்து ஒரு ஜோசியரை நியமித்தால் தேவலை.

ஆண்டிபட்டி வழியாகப் போகும் மதுரை-போடி பாதையை அகலப்படுத்துகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். இரண்டு முதல்வர்களைக் கொடுத்த தொகுதிக்கு ரயில் திரும்பி வர 2022 ஆயிற்று. சென்னைக்கு நேரடி ராத்திரி வண்டி 2023 ஜூனில் வந்தது. அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். குழந்தையும் கிழமை பார்த்துத்தான் கைக்கு வர வேண்டும்.

திரும்பி வரும்போது கிடைப்பது ஆர்ஏசி. ஒரே சைடு லோயரில் புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கட்டாயமில்லை. டிக்கெட் எடுக்காத பிள்ளைக்கு இடமும் கிடையாது. புதுக் கை, புது வாசம். பிள்ளை வீறிட்டு அழுகிறது. பால் மாவு கரைக்க வெந்நீர் தேடி அப்பன் பெட்டி பெட்டியாக நடக்கிறான். எதிர் சீட்டிலிருந்து ஒரு குரல்: "பாலக் குடுத்தா அமந்துரும்ல, ஏம்மா சும்மா வச்சிருக்க?" அடுத்த குரல், பிள்ளை உங்க சாடையில இல்லையே என்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவள் என்று அடித்தே கொன்ற நாடு நம்முடையது. அந்தத் தாய் ராத்திரி முழுக்கத் தத்துக் காகிதங்களை மடியிலேயே வைத்திருப்பது வேறெதற்கு?

கர்ப்பிணிகளுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. நல்லது. வயிறு தெரிந்தால் கீழே படு. மடியில் பிள்ளை இருந்தால் மேலே ஏறு. 2022-இல் லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், இரண்டு படுக்கைகளை ஒட்டிக் குழந்தைப் படுக்கை பொருத்திப் படம் காட்டினார்கள். நாட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் அந்தப் பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் பிஞ்சுகள் நெடும்பயணத்தில் உயிருக்கே ஆபத்தாக வதைபடுகின்றன என்று வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றம் 1984-இல் விதிகள் வகுத்தது. கடல் கடக்கிற குழந்தைக்காகப் பதறினார்களே, சரிதான். கரூரும் திண்டுக்கல்லும் கடந்து வருகிற குழந்தைக்குப் பதற எவருமில்லை.

தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்கி, பிறகு ஆண்டிபட்டி இருக்கும் தேனி மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலையைத் தடுத்தோம் என்று மேடைதோறும் மார்தட்டினார்கள். வேண்டாமென்று விட்டுப்போக நடுராத்திரியிலும் தொட்டில் தயார். வேண்டுமென்று தூக்கிவருகிறவளுக்கு இரண்டடிப் பலகை இல்லை. இதைக் கேட்க ஒரு எம்.பி.க்கு வாய் வரவில்லை. போடி வண்டிக்குக் கொடியசைக்க மட்டும் கை வந்தது.

கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் "தத்துக் குழந்தையோடு வரும் பெற்றோர்" என்று ஒரு வரி சேர்க்க ரயில்வே வாரியத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, பயணிகளே, அழுகிற பிள்ளையோடு திணறுகிற ஒருத்தியைக் கண்டால் யார் சாடை என்று கேட்காதீர்கள். எழுந்து இடம் கொடுங்கள்.