வேர்க்கடலை மீது ஒரு பொய் கேஸ்

ஹைதராபாத்தில் பிரியாணிக்குத் துணையாக மிர்ச்சி கா சாலன் என்று ஒன்று வரும். ‘நிஜாம் காலத்துப் பாரம்பரியம் சார்’ என்று பெருமையோடு ஊற்றுவார்கள். சாப்பிடுகிற இடத்தில் வரலாறு பேசி வம்பு வளர்க்கக் கூடாதுதான். ஆனாலும் அதில் மிதக்கும் பச்சை மிளகாய்க்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். குழம்பைக் கெட்டியாக்கும் அரைத்த வேர்க்கடலைக்குத் தென் அமெரிக்கா. இரண்டும் கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி வந்தவை. 1591இல் முகமது குலி குதுப் ஷா சார்மினாரோடு ஊரைத் தொடங்கி வைத்தபோது அவர் தட்டில் இந்தச் சாலன் இருந்திருக்கும் என்று சத்தியம் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

வந்த விருந்தாளியை நாம் நன்றாகத்தான் வைத்துக்கொண்டோம். சட்னி அரைத்தோம், எண்ணெய் ஆட்டினோம், வெல்லப்பாகில் புரட்டினோம், அனந்தபுரம் மாவட்டத்தை ஏறக்குறைய அதன் பேருக்கே எழுதிக் கொடுத்தோம். அதே கடலைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த மரியாதை வேறு. பல பள்ளிக்கூடங்களில் நுழையத் தடை. பல விமானங்களில் ஏறத் தடை. பிஸ்கட் உறை மேலெல்லாம் ‘ஜாக்கிரதை, இதில் கடலை இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை. ஓர் அப்பிராணியை இப்படித் தேடப்படும் குற்றவாளியாக்கிய கதையில் ஒரு நாய் உண்டு, ஓர் இளவரசர் உண்டு, இரண்டு வகை மீன்கதை உண்டு.

முதலில் பூர்வீகம். சுமார் 10,000 வருஷத்துக்கு முன் தென் அமெரிக்காவில் அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ் என்று இரண்டு காட்டுச் செடிகள் தத்தம் ஊரில் ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டாவதின் விதையைக் கொண்டுபோய் முதலாவதின் பக்கத்தில் விதைத்துவிட்டார். பக்கத்துப் பக்கத்தில் விட்டால் என்ன ஆகும்? கடலை போட்டன. தேனீ தூது போனது. இரு வீட்டுக் குரோமோசோம்களையும் மிச்சம் வைக்காமல் வாரிக்கொண்டு, மொத்தம் 40 குரோமோசோமோடு பிறந்ததுதான் நம்ம வேர்க்கடலை. 2016இல் அந்தக் காட்டுச் செடிகளின் மரபணுத்தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். பொலிவியாவின் இபா என்ற இடத்தில் கிடைத்த செடியும், கடலைக்குள் இருக்கும் அதன் பங்கும் 99.96 சதவீதம் ஒத்துப்போயின. பத்தாயிரம் வருஷம் ஆகியும் அப்பா பேரை மறைக்க முடியவில்லை.

கடலை அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருக்க, அலர்ஜியின் கதை ஒரு சொகுசுப் படகில் தொடங்கியது. வருஷம் 1901. மொனாகோவின் இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சியில் பைத்தியம். அவர் படகில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், கொட்டும் கடல்பிராணிகளின் விஷத்தை ஆராயப் போனார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் அனிமோனின் விஷத்தை நாய்களுக்கு ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்பது நினைப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே இருந்தது. சில வாரம் கழித்து அதே விஷத்தை மறுபடி ஏற்றியதும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. பழக்கம் வரும் என்று பார்த்தால் பகை வந்துவிட்டது. இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பேர் வைத்து, 1913இல் ரிஷே நோபல் பரிசு வாங்கினார். நெப்டியூனுக்கு ஓர் எலும்புத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, உடம்பின் இந்த மாறுபட்ட எதிர்வினைக்கு ‘அலர்ஜி’ என்று பேர் சூட்டினார். அது ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்காக வைத்தியம் நிற்குமா? 1908இல் லண்டனில் ஆல்ஃப்ரெட் ஸ்கோஃபீல்ட் என்ற டாக்டரிடம் முட்டை ஒத்துக்கொள்ளாத 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவர் முட்டையையே மாத்திரையாக்கிக் கொடுத்தார். தொடக்க அளவு, ஒரு முட்டையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மெல்ல மெல்ல ஏற்றினார். சில மாதங்களில் பையன் முட்டை சாப்பிட்டான். இன்றைக்கு வாய்வழி நோய்த்தடுப்புச் சிகிச்சை என்று நீட்டி முழக்கிச் சொல்வதை அந்த மனிதர் மாத்திரை உருட்டியே செய்துவிட்டார். உலகம் அதைப் படித்துவிட்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அலமாரியில் வைத்துப் பூட்டியது.

1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் லெனார்ட் நூன், புல்லின் மகரந்தத்தைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றித் தும்மலைக் குறைத்தார். மகரந்தத்தில் ஏதோ விஷம் இருக்கிறது, அதற்குத் தடுப்பூசி போடுகிறோம் என்பது அவர் எண்ணம். விஷமே இல்லை. நினைத்தது அத்தனையும் தப்பு. செய்தது மட்டும் சரி. நம் அரசியலில் நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறோம்.

1921இல் முதல் மீன்கதை. ஜெர்மனியில் ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற டாக்டருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சகா கார்ல் ப்ராஸ்னிட்ஸ், க்யூஸ்ட்னரின் இரத்த நீரை எடுத்துத் தன் தோலுக்குள் குத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். தடித்துச் சிவந்தது. ஒருவர் அலர்ஜியை இன்னொருவர் கடன் வாங்கலாம், இரத்தத்தில் ஏதோ ஒன்று அதைச் சுமக்கிறது என்பது தெரிந்துபோயிற்று. அந்த ‘ஏதோ ஒன்றை’ப் பிடிக்க 45 வருஷம் ஆனது. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், மறுவருஷம் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியாகப் பிடித்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்ற பேர் நிலைத்தது.

இந்த ஐஜிஇயை ஓர் ஏட்டையா என்று வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது. அவருக்கு ஒதுக்கிய வேலை, குடலில் புகும் புழு பூச்சிகளைப் பிடிப்பது. ஸ்டேஷன், மாஸ்ட் செல். புதுமுகம் எதையாவது முதல் தடவை பார்த்துச் சந்தேகம் வந்தால் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அடுத்த தடவை அதே முகம் வாசலில் தெரிந்தால் தடியடிதான். ஸ்டேஷனிலிருந்து ஹிஸ்டமின் வகையறா வெளியே பாயும். உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுக்குழல் இறுகும், இரத்த அழுத்தம் இறங்கும். செத்தவர்களும் உண்டு. அடிபட்டது என்னவோ வீட்டுக்காரர். வந்தவன் வெறும் கடலை.

வெறும் கடலையில் ஏட்டையா எதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்? 1991இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸில் வெஸ்லி பர்க்ஸ் குழு முதல் புரதத்தை அடையாளம் காட்டியது: அரா எச் 1. அடுத்த வருஷமே அரா எச் 2. பிறகு பட்டியல் பத்தைத் தாண்டி நீண்டது. 1, 2, 3, 6 ஆகியவை முளைக்கும் கன்றுக்காக விதை கட்டி வைக்கும் சாப்பாடு. பெரும்பாலான ஆபத்துக்குக் காரணம் 2ம் 6ம். உருவத்தில் சிறியவை, கந்தகப் பிணைப்புகளால் இறுக முடிச்சுப் போட்டுக்கொண்டவை. வயிற்று அமிலமும் நொதிகளும் பிய்த்துப் பார்த்தாலும் முகம் மாறாமல் குடலுக்குள் போய்ச் சேரும். அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சமைக்கும் விதமும் வழக்கில் சாட்சி. கடலையை வறுக்கும்போது சர்க்கரையும் புரதமும் ஒட்டிக்கொள்கின்றன. மணம் வருவது அதனால்தான். ஆனால் 2000இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், வறுத்த கடலையின் சாறு பச்சைக் கடலையின் சாற்றைவிட ஏறத்தாழ 90 மடங்கு அதிகமாக ஐஜிஇயைப் பிடித்துக்கொண்டது. அவித்தால் நடப்பது வேறு. அரா எச் 2, 6 போன்ற சின்னப் புரதங்கள் கொதிநீரில் இறங்கிவிடுகின்றன. கடலை சாது ஆகிறது, தண்ணீர் போக்கிரியாகிறது. முதலில் அவித்த கடலை, பிறகு வறுத்தது என்று படிப்படியாகக் கொடுக்கும் சிகிச்சையை ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் சோதித்திருக்கிறார்கள்.

இனி கதையின் வில்லன், நிபுணர் குழு. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே காட்டாதீர்கள் என்றது. பெற்றோர் பயபக்தியோடு ஒளித்து வைத்தார்கள். அலர்ஜி குறையவில்லை. 2008இல் அந்த அறிவுரை சத்தமில்லாமல் பின்வாங்கியது. அதே வருஷம் லண்டனின் கிடியன் லாக் குழு ஒரு கணக்கை எடுத்துப் போட்டது. பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளில் 1.85 சதவீதத்தினருக்குக் கடலை அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 சதவீதம். இனம் ஒன்று, வித்தியாசம் பத்து மடங்கு. இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே ‘பாம்பா’ என்ற கடலைப் பொரியைச் சப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். லாக் இதை, அலர்ஜி வர வாய்ப்புள்ள 640 கைக்குழந்தைகளிடம் முறையாகச் சோதித்து 2015இல் வெளியிட்டார். ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்த கூட்டத்தில் 17.2 சதவீதத்தினருக்கு அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். சாப்பாட்டு வழியாகச் சீக்கிரம் அறிமுகமானவனை ஏட்டையா சொந்தக்காரன் என்று விட்டுவிடுகிறார். கரப்பான் வந்து வெடித்த தோல் வழியாக நுழைந்தவனைத்தான் திருடன் என்கிறார்.

ஏற்கெனவே பட்டியலில் பேர் ஏறியவர்களுக்கு? 2020 ஜனவரியில் அமெரிக்கா ‘பால்ஃபோர்சியா’ என்ற மருந்தை அனுமதித்தது. திறந்து பார்த்தால் அளந்து கட்டிய வேர்க்கடலை மாவு. அரை மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றி, 300 மில்லிகிராமில் நிறுத்துவார்கள். சுமார் ஒரு வேர்க்கடலைப் பருப்பு. அறிமுகமானபோது மாத விலை 890 டாலர். அந்தக் காசுக்கு அனந்தபுரத்தில் மூட்டை மூட்டையாக வாங்கலாம்; ஆனால் அரை மில்லிகிராமைத் துல்லியமாக அளந்து கட்டுவதற்குத்தான் அந்தக் காசு. 2024இல் ஒமாலிசுமாப் ஊசிக்கும் உணவு அலர்ஜிக்கு அனுமதி கிடைத்தது. அது ஏட்டையாவின் கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தைக் குறைப்பவை. நோயை வேரோடு எடுப்பவை அல்ல.

ஹைதராபாத்துக்கு வருவோம். நகரத்துக்கு வெளியே பட்டான்செருவில் 1972 முதல் இருக்கிறது, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் சர்வதேச நிறுவனமான இக்ரிசாட். அதன் குளிர் அறைகளில் 15,000க்கும் மேற்பட்ட வேர்க்கடலை ரகங்களின் விதைகள். 2016இல் காட்டு முன்னோரின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து, அலர்ஜிப் புரதங்களையும் தேடிய சர்வதேசக் கூட்டணி ஒன்றில் இந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2019இல் அரா எச் 1, 2, 3, 6, 8 ஆகிய ஐந்தையும் விதையிலேயே அளக்கும் எலைசா முறை ஒன்றைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். எந்த ரகத்தில் வம்பு குறைவு என்று பொறுக்கி எடுக்க இது உதவும். சிக்கல் என்னவென்றால், அந்தப் புரதங்கள்தான் கடலையின் புரதச் சத்தில் பெரும்பங்கு. எல்லாவற்றையும் நீக்கினால் மிஞ்சுவது எண்ணெயும் தோலும்தான்.

அலர்ஜியின் நெருங்கிய உறவான ஆஸ்துமாவை வைத்து அதே ஊரில் இரண்டாவது மீன்கதை. ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி அன்று நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டுவார்கள். பத்தினி என்ற பெயர் கொண்ட குடும்பத்தார் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை அடைத்து, தொண்டைக்குள் நழுவ விடுவார்கள். 1845இல் ஒரு சாமியார் சொல்லிக்கொடுத்தது என்பது அவர்கள் கணக்கு. சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். காசு வாங்குவதில்லை, அது பெரிய மனசு. மருந்தின் கூட்டு ரகசியம். அது பெரிய சிக்கல். பகுத்தறிவு இயக்கத்தார் கேள்வி கேட்டு வழக்கு வரை போன பிறகு ‘மீன் மருந்து’ ‘மீன் பிரசாதம்’ ஆனது. பிரசாதத்துக்கு யாரும் பரிசோதனைச் சான்று கேட்பதில்லையே.

ஸ்கோஃபீல்டும் விழுங்கத்தான் சொன்னார். வித்தியாசம், அவர் எத்தனை பங்கு, எத்தனை நாள், என்ன ஆயிற்று என்று எழுதி எல்லார் முன்னாலும் வைத்தார். நிபுணர்கள் தப்பாகச் சொன்னபோதும் அந்தத் தப்பைக் காட்டிக்கொடுத்தது இன்னொரு எண்ணிக்கைதான்.

நம் பக்கம் நிலவரம் சற்றே ஆறுதல். பெங்களூரு, மைசூரு பகுதிப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், நாலில் ஒருவர் இரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிராக ஐஜிஇ இருந்தது. உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான். ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் கடலையை நாடு கடத்த வேண்டாம். கைக்குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வாக்கில் மசித்தோ அரைத்தோ கொடுங்கள். முழுக் கடலை கூடவே கூடாது, புரையேறும். அலர்ஜி உறுதியானவர்கள் சமையலறையில் சொந்தமாக ஸ்கோஃபீல்ட் ஆக வேண்டாம். கடலை தின்றதும் மூச்சு இறுகினால் கஷாயம் தேடாமல், அட்ரினலின் ஊசி போடும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மீன் விழுங்கப் போகிறவர்கள் இன்ஹேலரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போங்கள்.