அண்டம் அளந்த மாலுமிகள் வாழ்க!

விண்வெளிப் போர்க்கப்பல்களைப் படைத்தருளிய கற்பனைச் சக்கரவர்த்திகளே, உங்கள் திருவடி சரணம்! பூமியை உதறிவிட்டு அண்டத்தின் கடைக்கோடி வரை பறந்தீர்கள். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரத்தை மட்டும் கைவிட்டீர்களில்லை. அந்த நன்றி மறவாத பெருந்தன்மையை எந்த நாவால் புகழ்வேன்!

நெப்போலியன் காலத்துக் கடல் நாவல்களின் நாயகன் ஹார்ன்புளோவரை, 1966-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க்காக மறுபிறவி எடுக்க வைத்தார் ஜீன் ராடன்பெரி பெருமான். கதை நடப்பது இருபத்து மூன்றாம் நூற்றாண்டில். ஆளையே கதிராக்கிக் கிரகத்தில் இறக்கும் கருவி இருக்கிறது. என்றாலும் கப்பலில் ஓர் அறிவிப்புச் செய்ய, முதலில் மாலுமிச் சீழ்க்கை ஒலித்தாக வேண்டும். மரபென்றால் இதுவன்றோ மரபு! நாற்காலிகளில் இடுப்புப் பட்டை என்னும் கோழைத்தனம் கிடையாது. எதிரி சுட்டால் அதிகாரிகள் அனைவரும் ஒரே தாளத்தில் இடமும் வலமும் சாய்ந்து உருளும் அந்தத் திருநடனத்தை வேறெந்த அவையில் காண்போம்?

இக்கலையின் கொடுமுடி, 1982-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படம் 'த ராத் ஆஃப் கான்'. மேலும் கீழும் இல்லாத பெருவெளியில் கப்பல்கள் நீர்மட்டம் பார்த்து நிமிர்ந்தே எதிர்ப்படும் ஒழுக்கம் என்ன ஒழுக்கம்! வில்லன் கான், மரபணு திருத்திப் பிறந்த மகாமேதை. எதிரி கீழே இறங்கக்கூடும் என்ற அற்ப எண்ணம் அம்மேதையின் சிந்தையைத் தீண்டவேயில்லை. கிர்க்கின் தோழர் ஸ்பாக் இந்த நுட்பத்தைக் கண்டு சொல்ல, கிர்க் 10,000 மீட்டர் இறங்கிப் பின்புறம் எழும்பிச் சுட்டு வாகை சூடுகிறார். முதல் உலகப் போரின் நீர்மூழ்கி மாலுமிகள் தினப்படி வேலையாகச் செய்ததைப் புதுமையென்று கொண்டாடும் பணிவு யாருக்கு வரும்? இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது. டார்பிடோவை ஏற்றுமுன், பயிற்சி வீரர்கள் குனிந்து தரையின் கம்பித் தட்டிகளைக் கையாலேயே தூக்கி எடுக்கிறார்கள். பொத்தான் ஒன்றைப் பொருத்தி அப்பிள்ளைகளின் தேகப்பயிற்சியைக் கெடுக்காத இயக்குநர் நிக்கலஸ் மேயர் நீடு வாழ்க!

ஞாலத்தில்தான் நன்றி கெட்டவர்கள். அமெரிக்க விண்வெளிப் படைக்குக் கடற்படைப் பதவிப் பெயர்களே வேண்டுமென்று, கிர்க்காகவே நடித்த வில்லியம் ஷாட்னர் 2020-இல் கட்டுரை எழுதி மன்றாடினார். ரசனையற்ற அந்தப் படை அதிகாரிகளுக்கு விமானப்படைப் பதவிகளையே வைத்துக்கொண்டது. அங்கே கேப்டன் என்றால் மேஜருக்கும் கீழ்.