அழிக்காதே என்றால் அழி

பைத்தானில் கட்டளை வரியைப் பிரித்துப் படிக்க ஆர்க்பார்ஸ் என்றொரு நூலகம் உண்டு. மகா சமர்த்து. நிரலர் 'டெலிட்' என்றொரு விருப்பம் வைத்து, அதன் வகை பூலியன் என்று அப்பாவியாக எழுதுகிறார். பயனர் '--டெலிட் ஃபால்ஸ்' என்று தட்டுகிறார். அழிக்காதே என்கிறார், பாவம். நூலகம் பொருளைப் பார்ப்பதில்லை. ஃபால்ஸில் ஆங்கில எழுத்து ஐந்து இருக்கிறது, வெற்றுச் சரம் இல்லை, ஆகவே ட்ரூ! கோப்புகள் போயே போச்சு. பிழை என்று புகார் சொல்லவும் வழியில்லை. அப்படி எழுதாதீர்கள் என்று ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்களாம். (ஆவணத்தை யார் படித்தார்கள்?) 'நோ' சேர்த்த எதிர்மறை விருப்பத்தைத் தானே உண்டாக்கித் தரும் வசதி பைத்தான் 3.9 பதிப்பில்தான் வந்தது.

இதில் குறிப்பறியும் குணம் வேறு. '--வெர்போஸ்' என்று முழுதாகத் தட்ட வேண்டாம், '--வெர்' போதும், புரிந்துகொள்ளும். சோம்பேறிகளுக்குக் கொண்டாட்டம். அடுத்த வெளியீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் '--வெர்ஷன்' சேர்ப்பார். அன்று ராத்திரி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கிரான் வேலை, "எந்த வெர்?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். பதில் சொல்லத்தான் அங்கே ஆளிருக்காது.