பொன்னாடையும் பான் கார்டும்

எழுதிப் பிழைப்பது என்று நான் முடிவு செய்த ஆண்டு 1991. அதைவிடத் தோதான ஆண்டு கிடைத்திருக்காது. ஜூலை 1ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். போதவில்லை போலிருக்கிறது, 3ஆம் தேதி இன்னொரு தடவை குறைத்தார்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்று பேப்பரில் போட்டிருந்தது. 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளில் அடகுக்குப் போயிற்று. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியும் அந்தச் சமயம் பார்த்துத்தான் பூட்டிக்கொண்டது. வேறு வேலை தேடுவதற்குப் பதிலாக, "இனிமேல் எழுத்துதான்" என்று வீட்டில் அறிவித்தேன். மனைவியின் வளையல்கள் திருவல்லிக்கேணி அடகுக் கடைக்குப் புறப்பட்டன.

"ரிசர்வ் வங்கியே வைக்கிறான். நமக்கென்ன வெட்கம்?" என்றேன்.

"அவங்க மீட்டுடுவாங்க" என்றாள்.

அவள் சொன்னது நடந்தது. ரிசர்வ் வங்கி மீட்டது. அதோடு நிற்கவில்லை. லண்டனில் பத்திரமாக வைத்திருந்த தங்கத்திலும் 100 டன்னை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று 2024இல் செய்தி வந்தது. வளையல்கள் விஷயம் வேறு.

அப்போது மார்க்கெட்டிங் என்பது சோப்புக்கும் பிரஷர் குக்கருக்கும் ஆன சமாசாரம். எழுத்தாளன் தன்னைப் பற்றித் தானே ஒரு வரி சொன்னால் தம்பட்டம். எங்கள் வட்டத்தில் ஒருவர் விசிட்டிங் கார்டு அடித்து, பெயருக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று போட்டுக்கொண்டார். அவர் எழுதிய கதைகளைவிட அந்தக் கார்டைத்தான் நாங்கள் அதிகம் விமர்சித்தோம்.

கௌரவமான வழி புக் போஸ்ட். ஃபுல்ஸ்கேப் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கார்பன் வைத்து நகல் எடுத்துக்கொண்டு, உறையை ஒட்டாமல் வாயை உள்ளே மடித்துச் செருகி அனுப்ப வேண்டும். ஒட்டிவிட்டால் கட்டணம் கூடிப்போகும். உள்ளே கடிதம் வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே நல விசாரணை எல்லாம் தனியாக 15 பைசா கார்டில் போகும். கதையோடு, தபால்தலை ஒட்டி நம் விலாசத்தையும் நாமே எழுதிய உறை ஒன்று. அதாவது, நம்மை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஆகும் செலவையும் நாமே முன்கூட்டிக் கட்டிவிடுவோம்.

நேரில் போவதும் உண்டு. அண்ணா சாலைக்கு பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி, உதவி ஆசிரியர் முன்னால் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்பேன். சும்மா வரவில்லை என்பது அவருக்கும் தெரியும். கதையைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். மழை, காவிரி, கிரிக்கெட் என்று சுற்றிவிட்டு எழுந்திருக்கும்போது, "தீபாவளி மலருக்கு ஏதாவது கொடுங்களேன்" என்பார். அது ஆடி மாதம். மண்ணை வாரித் தூற்றுகிற காற்றில் கதவைச் சாத்திக்கொண்டு, கங்கா ஸ்நானம், பட்டாசு, தலைதீபாவளி மாப்பிள்ளை என்று எழுதுவேன். மலரின் கனம் விளம்பரத்தைப் பொறுத்தது. அந்த வருஷம் விளம்பரம் குறைவு. ரூபாய் இறங்கினால் இறக்குமதிக் காகிதம் ஏறும், காகிதம் ஏறினால் பக்கம் குறையும், பக்கம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது சினிமாவும் இல்லை, ராசிபலனும் இல்லை, சிறுகதை. மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டுக்கும் என் தலைதீபாவளி மாப்பிள்ளைக்கும் இருந்த நேரடி உறவை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

சன்மானம் மணியார்டரில் வரும். கதை வந்த வாரம் வராது. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ, தபால்காரர் சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு, "சார், மணியார்டர்!" என்பார். தோளில் காக்கிப் பை. அதிலிருந்து ஃபாரக் கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கி, நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி, கடைசியில் ஃபாரத்தின் அடியிலிருக்கும் கூப்பனைக் கிழித்துக் கொடுப்பார். கதையின் பெயர், இதழின் தேதி, தொகை, எல்லாம் அதில் இருக்கும். நூறு ரூபாய் வந்தால் அவருக்கு ஐந்து. அதில் பேரம் கிடையாது.

எனக்குக் கிடைத்த ஒரே விளம்பரதாரர் அவர்தான். அவர் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும், முனையிலிருந்த அண்ணாச்சி கடைக்கும் கேட்கும். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கடைப் பையன் பாக்கி நோட்டோடு வாசலில் நிற்பான்.

மணியார்டர் வராவிட்டால் கார்டு போட வேண்டும். பணம் என்று எழுதக் கூடாது. எழுதினால் மரியாதை போய்விடும், தவிர கார்டு என்பது தபால்காரரிலிருந்து ஆபீஸ் பையன்வரை எல்லோரும் படிக்கிற பொருள். "தங்கள் இதழில் வெளியான என் கதைக்கு வாசகர் கடிதங்கள் ஏதும் வந்தனவா என அறிய ஆவல். என் விலாசம் மாறவில்லை" என்று முடிப்பேன். கடைசி வாக்கியம்தான் கடிதம். புரிந்துகொண்டவர்கள் அனுப்பினார்கள். புரியாதவர்கள் வாசகர் கடிதங்களை அனுப்பினார்கள்.

கதை எழுதி யாரும் அரிசி வாங்கவில்லை என்பதை இப்போது சொல்லலாம். நான் வாங்கிய அரிசியெல்லாம் பெயர் போடாத எழுத்தில் வந்தது. கல்யாண வாழ்த்துமடல், பள்ளிக்கூட நோட்ஸ், பாரிமுனைப் பதிப்பாளர்களுக்குப் புரூஃப், மருந்துக் கம்பெனித் துண்டறிக்கை, ரேடியோவுக்கு விவசாய நாடகம். மோட்டார் பம்பு செட்டை எப்படிப் பொருத்துவது என்று ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் எழுத்தில் அதிகம் பேர் கவனமாகப் படித்தது அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தப்பாகப் படித்தால் ஷாக் அடிக்கும். ரைஸ் மில் முதலாளி ஒருவருக்கு அவருடைய சுயசரிதையை நான் எழுதினேன். இளமையில் பட்டினி கிடந்ததாக ஒரு அத்தியாயம் வேண்டும் என்றார். எனக்கு அது சிரமமாக இல்லை. பேசிய தொகையை, பேசிய தேதியில், கவரில் வைத்துக் கொடுத்தார். இலக்கியத்தில் அப்படி ஒரு மனிதரை நான் சந்தித்ததில்லை.

விசிட்டிங் கார்டைக் கேலி செய்த நாங்கள் எல்லோரும் பாரதி பக்தர்கள். ஆனால் 1920இல் பாரதி செய்த காரியத்தை வசதியாக மறந்திருந்தோம். கடையத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் எழுத்தை 40 புத்தகங்களாகப் போடப்போவதாகவும், புத்தகத்துக்கு 10,000 பிரதி அச்சிட முதல் வேண்டும் என்றும், கடனாகப் பணம் கேட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் 4 லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. விளம்பரச் செலவுக்கு என்று தனியாக ஒதுக்கியும் வைத்திருந்தார். கூச்சமே இல்லாத, சுத்தமான வியாபாரக் கடிதம். திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆளே போய்விட்டார். விற்பனைக் கணக்கில் அவர் பிசகவில்லை. 4 லட்சமெல்லாம் எப்போதோ தாண்டிப் போயிற்று. பணம் வந்து சேர்ந்த தேதிதான் கொஞ்சம் தள்ளிப்போனது.

இனி இக்காலம்.

இக்காலம் எனக்கு 2008இல் ஆரம்பித்தது. செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. பிள்ளைகள் வேலை நிலைக்குமா என்று நகம் கடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் வேலை கொட்டியது. அங்கே சிக்கனம் பிடித்த சின்ன முதலாளிகள், இங்கே மலிவாக எழுத ஆள் தேடினார்கள். ஈலான்ஸ் என்று ஒரு தளம், பிற்பாடு அப்வொர்க் ஆனது. அதில் ஏலம் கேட்க வேண்டும். வழக்கமான ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். பனியையே பார்த்திராத நான், மேற்கு மாம்பலம் வெக்கையில் பனியனோடு உட்கார்ந்து, கூரையில் சேர்ந்த பனியை அகற்றுவது எப்படி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மெத்தை, செப்டிக் டேங்க், நாய்க்கு முடி வெட்டுதல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. அந்த மாற்றத்துக்கு 'பாண்டா' என்று செல்லப் பெயர். குப்பைக் கட்டுரைகளையெல்லாம் அது கீழே தள்ளிவிட்டது. குப்பை எது என்று அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது. என் வருமானம் அந்த வசந்தத்தோடு நின்றது.

பிறகு 2020. கொரோனா முடக்கத்தில் கடைக்குப் பத்திரிகையே வரவில்லை. 1941இல் தொடங்கிய 'கல்கி'யே அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. என் அக்கா மகன் என் மேல் பரிதாபப்பட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டான்.

"மாமா, உங்களுக்கு பிராண்டே இல்ல."

"முப்பது வருஷமா எழுதறேனேடா?"

"அது எக்ஸ்பீரியன்ஸ். பிராண்ட் வேற."

லிங்க்ட்இன் கணக்கு தொடங்கிக் கொடுத்தான். இப்போது 'எழுத்தாளர்' என்று மட்டும் போட்டால் மரியாதை இல்லையாம். 'கதைசொல்லி, உள்ளடக்க வியூகவாதி, பன்மொழி ஆலோசகர்' என்று மூன்று வரி. விசிட்டிங் கார்டு அடித்த அந்த நண்பர் இன்று இருந்திருந்தால் அவருக்கு ஒரு மாலை போட்டிருப்பேன். மரத்தடியில் நிறுத்தி ரீல்ஸ் எடுத்தான். 'எழுதிச் சம்பாதிக்க ஐந்து வழிகள்.' எனக்கு இரண்டுதான் தெரியும், அதிலும் ஒன்று பம்பு செட். மீதி மூன்றை அவனே சொல்லிக் கொடுத்தான். என் சிறுகதைத் தொகுப்பை வாங்கியவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் பல மடங்கு.

அவன் செய்த உருப்படியான காரியம், என்னை 'உத்யம்' தளத்தில் பதிவு செய்தது. நான் இப்போது மத்திய அரசின் கணக்கில் ஒரு குறு நிறுவனம். இயந்திரத் தளவாட முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும், விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது வரம்பு. இரண்டையும் நான் மீறவில்லை. என் தளவாடம் ஒரு லேப்டாப், முதுகுவலிக்காக வாங்கிய ஒரு நாற்காலி. சும்மா சொல்லக் கூடாது, சட்டம் நல்ல சட்டம். குறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், இல்லாவிட்டால் கூட்டு வட்டி. 1991இல் இந்தச் சட்டம் இருந்திருந்தால் வளையல்கள் வீட்டில் இருந்திருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பணம் வாங்கினால் அடுத்த வேலை வராது. இதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

எனவே பழையபடி நினைவூட்டல்தான். கார்டு போய் மெயில் வந்திருக்கிறது. 'ஜென்டில் ரிமைண்டர்' என்று தலைப்புப் போட்டு, "இந்த மெயில் உங்களை நலமாகச் சந்திக்கும் என்று நம்புகிறேன்" என்று தொடங்க வேண்டும். பதில் உடனே வரும், அந்த மட்டில் முன்னேற்றம். இன்வாய்ஸில் ஊர்ப் பின்கோடு இல்லை. வெண்டர் ஃபாரம் நிரப்பவில்லை. கேன்சல் செய்த காசோலையின் ஸ்கேன் மங்கல். பான் கார்டில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால். எல்லாம் சரியானதும், அக்கவுண்ட்ஸில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு வழியாகப் பணம் வரும், 10 சதவீதம் டி.டி.எஸ். போக. தபால்காரருக்குக் கொடுத்தது ஐந்துதான், அதற்கு அவர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார்.

யாராவது இளைஞர் என்னிடம் யோசனை கேட்டால், நன்றாக எழுது என்று நான் சொல்வதில்லை. நன்றாக எழுதுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சுவாரசியமே இல்லாத வாடிக்கையாளர் ஒருவரைப் பிடித்துக்கொள், கை கூசாமல் பணம் கேட்கப் பழகு என்பேன். பஞ்ச காலத்தில் கவிதைக்கு முதலில் பணத்தை நிறுத்துவார்கள், பம்பு செட் கையேட்டுக்குக் கடைசியில்தான் நிறுத்துவார்கள்.

அதையும் இப்போது இயந்திரம் எழுதுகிறது. போன மாதம் ஒரு நிறுவனம், இயந்திரம் எழுதிய தமிழை 'மனிதத்தனமாக' ஆக்கித் தரச் சொன்னது. வார்த்தைக்குப் பத்து பைசா. மோட்டாரை 'மென்மையாக அணைத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. ஸ்விட்சை அணைக்கச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு காபி செலவாயிற்று. இருந்தாலும் அதன் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தத் தொழிலில் பணம் கேட்காமல் எழுதுகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ரீல்ஸைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. 'எழுத்தை நம்பி வாழ்வது எப்படி' என்று மாணவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு. மிகவும் இனிமையாகப் பேசினார் பேராசிரியர். தொகை எவ்வளவு என்று கேட்டேன். கை கூசவில்லை.

"ஐயா, நீங்கதான் சிறப்பு விருந்தினர்" என்றார்.

"சரிங்க. தொகை?"

"பொன்னாடை, நினைவுப் பரிசு, சான்றிதழ் எல்லாம் உண்டுங்கய்யா. மதியம் சைவச் சாப்பாடு."

ஆட்டோவுக்கு மட்டும் தருவதாக முடிவாயிற்று. அதற்கு வெண்டர் ஃபாரமும் பான் கார்டு நகலும் கேட்டார்கள். போனேன். பிள்ளைகள் கவனமாகத்தான் கேட்டார்கள். ஈலான்ஸ், உத்யம், 45 நாள் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், உங்களுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

நான் மைக்கைப் பிடித்தேன். அதற்குள் பேராசிரியர், "நேரமின்மை காரணமாக" என்றபடி பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.