கராஜுக்குள் போகாத வீடு

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் கதவின் உயரம் பெரும்பாலும் 7 அடி. காரின் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடான டிராவல் டிரெய்லரோ சாதாரணமாக 10 அடியைத் தொடும்; கூரைமேல் ஏசி வேறு உட்கார்ந்திருக்கும். இந்தக் கழித்தல் கணக்கை வண்டி வாங்கிய பிறகுதான் போடுவது வழக்கம். வாசலிலேயே நிறுத்தலாமே என்றால், பல குடியிருப்புச் சங்கங்களுக்கு அது ஆகாது. சொந்த நிலம், சொந்த வண்டி. அனுமதி மட்டும் அடுத்தவருடையது.

கூரையை மடக்கும் ரகம் வாங்கிய புண்ணியவான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். மயிரிழையில் இடிக்கும் சின்ன டிரெய்லர்காரர்கள் டயரில் காற்றை இறக்கி ஓர் அங்குலம் மிச்சம் பிடிப்பார்கள். நீளத்திலும் வில்லங்கம் உண்டு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிக் கம்பியை அளக்க யாருக்கும் தோன்றுவதில்லை. கதவு மூடாதபோதுதான் அது கண்ணில் படும்.

அடுத்து ரிவர்ஸ். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும். பின்னால் நின்று மனைவி "லெஃப்ட், லெஃப்ட்" என்பார். யாருடைய லெஃப்ட் என்பதை வைத்துத்தான் அன்றைய சண்டை.

ஒருவழியாக உள்ளே போயிற்று. தினமும் ஓடும் இரண்டு கார்களும் இனி வெயிலில் காயும். ஆண்டுக்கு இரண்டு வாரம் வெளியே போகும் வண்டிக்குக் கூரை.