நடக்க உதவும் மின்துடிப்பு

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் பாதம் தரையில் இழுபடுகிறது. மின்சாரம் கொடுத்தால் நடை திரும்புமாமே, உண்மையா?

பதில்: பயப்படாதீர்கள், இது வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம் அல்ல, பேட்டரியில் ஓடும் சிறு கருவி. பக்கவாதத்தில் பழுதாவது மூளை. காலின் நரம்பும் தசையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உத்தரவு வராததால் சும்மா இருக்கின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறம் ஓடும் நரம்பை மின்துடிப்பு தொட்டால் பாதம் மேலே எழும். 1961-இல் லிபர்சன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இதற்காகக் காலணிக் குதிகாலில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். குதிகால் எழுந்ததும் துடிப்பு, ஊன்றியதும் நிறுத்தம்!

ஆனால் கருவி பாதத்தைத்தான் தூக்கும். நடக்க வேண்டியவர் அப்பாதான். பயிற்சியோடு சேர்ந்தால்தான் முழுப் பலன். பேஸ்மேக்கரோ வலிப்போ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், தினமும் கூடவே நடங்கள். உங்கள் விரல் பிடித்து நடை பழக்கியவர் அவர். இப்போது உங்கள் முறை.