பூசணிக்குப் பால் ஊத்தப் போறவனுக்கு

ஏலே பேராண்டி, உச்சி வெயில்ல குடத்தத் தூக்கிட்டு எங்க ஓட்டம்? பூசணி இலை துவண்டு கெடக்கேன்னு பயமா? ஊத்து, ஊத்து. காலையில ரெண்டு குடம், இப்ப ரெண்டு. வேரு மூச்சுமுட்டிச் செத்தப்புறம் பாலையும் ஊத்திரு, சோலி முடிஞ்சிரும்.

மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாரு. ஈரம் ஒட்டுதுல்லா? பொறவு என்ன? இலை தண்ணிய வெளிய விடுத வேகத்துக்கு வேரால ஏத்திக் குடுக்க முடியல, அம்புட்டுதான். உங்கப்பனும் மத்தியானம் தின்னுட்டுத் திண்ணையில இப்படித்தான் சாஞ்சு கெடக்கான். அவன் தலையில குடத்தக் கவுத்துவியா?

சரி, ஒரு வேடிக்கை காட்டுதேன். அந்த பாலிதீன் பைய எடுத்து, கத்தரிக் கிளையில இலையோட சேத்து இறுக்கிக் கட்டு. போயி மோரு குடிச்சிட்டு வா.

வந்துட்டியா? பைக்குள்ள பாரு, வேர்த்து வழிஞ்சு மூலையில முத்து முத்தா நிக்கி. நீ ஊத்துன தண்ணிதாம்லே! செடி குடிக்கதுல நூத்துக்கு 95-க்கு மேல காத்தோடதான் போகுது. உன் சம்பளம் மாதிரி. ஒண்ணாந்தேதி வருது, அஞ்சாந்தேதி ஆவியாகுது.

இங்கிலாந்துல ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார். மூணரை அடி சூரியகாந்திய, தொட்டி வாய ஈயத்தகடு போட்டு மூடி, காலையிலயும் சாயங்காலமும் நிறுத்துப் பாத்திருக்காரு. ஒரு பகலுக்கு அரைக் கிலோவுக்கு மேல எடை கொறையுதாம். 1727-ல புஸ்தகமே போட்டுட்டாரு. உன் தங்கச்சிதான் வாசிச்சுக் காட்டுனா. நீ எடை மெஷின்ல ஏறுதது தொந்தியப் பாக்கத்தான்.

செடிக்குப் புத்தியில்லன்னு நெனைக்காத. இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளை எக்கச்சக்கமா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் காவலுக்கு ரெண்டு செல்லு. தண்ணி ஏறி அது உப்புனா கதவு தொறக்கும், வாடுனா சாத்திக்கிடும். எப்பவும் சாத்தியே வைக்கவும் வழியில்ல. கரியமில வாயு உள்ள வந்தாத்தான் அதுக்குச் சமையல். அரிசிக்காரனுக்குக் கதவத் தொறந்தா அண்டாத் தண்ணி வெளிய ஓடுது, பாவம். வாழையப் பாரு, வெயில் ஏறுனா நடு நரம்ப ஒட்டி இலைய மடிச்சுத் தொங்கவிடும். கத்தாழை இன்னும் கெட்டி. பகல்ல கதவடைப்பு, ராத்திரிதான் தொறப்பு. நீயும் அப்படித்தான், பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு. அது மிச்சம் பிடிக்கி, நீ கரண்டு பில்லு ஏத்துத.

நேத்து நட்ட மாங்கன்னு ஏன் கருகுது? வேரு அறுந்த கன்னுக்கு இலையக் கொறச்சு விடணும், சாயங்காலமா நடணும், பன ஓலைய வெட்டி நிழலு கட்டணும். நீ போட்டோவுக்கு அழகா இருக்கட்டும்னு அத்தன இலையோட, பன்னெண்டு மணிக்கு நட்ட. போட்டோ நல்லா வந்துச்சா?

அந்தா, வெயில் சாஞ்சிருச்சு. பூசணி இலை ஒண்ணொண்ணா நிமிருது பாத்தியா? நீ ஊத்துனதாலதான்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கோ, நான் காட்டிக்குடுக்க மாட்டேன். குடத்த மட்டும் வெரசா கொண்டுபோயி வை, உங்க ஆச்சி அப்பமே பிடிச்சுத் தேடுதா.